தங்கேஸுக்கு என் வயதுதான்

உன்னிச்சை பஸ்ஸில் நடத்துனராக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஆரையம்பதிச் சந்தையில் என்னைக் கண்டு சொன்னார்: "டீச்சர், அங்கால ஒரு வயசுபோன டீச்சர் மோசம் போயிட்டாவாம்." யாரோ ஓய்வுபெற்றவர், வாழ்ந்து முடித்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மீன் விலை கேட்கத் திரும்பினேன். "தங்கேஸ் எண்டு பேராம்," என்றார் பின்னாலிருந்து. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். தங்கேஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. என் வயது. ஆசிரியர் கலாசாலையில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம்.

அவளோடு படிப்பித்த உங்களில் பலருக்கே இதை நம்புவது கடினமாக இருக்கும். கலாசாலையில் அவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். வட்டையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த கணவரை ஆமி பிடித்துக்கொண்டு போன வருடமே அந்தத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவர் திரும்பவில்லை. பிறகு ஓட்டம், காட்டுக்குள் மழையில் படுக்கை, மறுபடி ஓட்டம் என்று முழங்காலும் முதுகும் போயின. வயல் காற்று உடம்புக்கு நல்லது என்று பட்டணத்தில் சொல்லித் திரிபவர்களை ஒரு மாரிக்கு உன்னிச்சையில் குடியிருக்க விடவேண்டும்.

எனக்கும் ஒன்றும் குறைவில்லை. பிரசர், சீனி வருத்தம், ஆமி ட்ரக் சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிக்கொள்ளும் பயம். சொன்னால் சிரிப்பாள். "டவுனில உங்களுக்குப் பயம் வந்தா டொக்டர் இரிக்காரு. எங்களுக்கு வந்தா காடுதான்கா." பாதை பூட்டும் நாட்களில் மருந்துக் குளிசை கிடைக்காது என்று ஒன்றைப் பாதியாக உடைத்துப் போடுவாள்.

ஒருமுறை அவளை மட்டக்களப்பில் டொக்டரிடம் கூட்டிப் போனேன். இதயம் வீங்கியிருக்கிறது, அலைச்சல் கூடாது என்றவர், என் பக்கம் திரும்பி, "அம்மாவைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க," என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. அவளோ வெளியே வந்ததும், "மகள், அம்மாவுக்கு ஒரு சோடா வாங்கித் தாகா," என்றாள். அன்று முழுதும் நான் மகள்தான்.

அலைச்சல் என்று டொக்டர் சொன்னது ஆமி முகாமுக்குப் போவதை. ஊரில் எந்தப் பிள்ளையைப் பிடித்தாலும் தாய்மார் அவளிடம்தான் ஓடிவருவார்கள். நரைத்த தலையைக் கண்டால் சிப்பாய்கள் "ஆச்சி" என்று உட்காரக் கதிரை போடுவார்கள், அவள் சொல்வதைக் கேட்பார்கள். சில பிள்ளைகளை அப்படிக் கூட்டியும் வந்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் வீடு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சேலை கூட மாற்றாமல் கிடப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலைக்குச் சாயத்தைப் பூசிக்கொண்டு பேசாமல் வீட்டில் இரு என்று ஏசினேன். அவள் சொன்னாள்: "அவருக்காகப் போன நாளில எனக்குத் தலை கறுப்புகா. ஆரும் கதிரை தரல்ல."

அதற்குமேல் நான் சாயத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைசியாக அவள் போனது அயல்வீட்டுப் பூரணத்தின் மகனுக்காக. நாளைக்கு வரச் சொன்னார்களாம். வீட்டுப் படலையைத் திறக்கும்போதே விழுந்துவிட்டாள்.

செத்த வீட்டில் பூரணம் அழவும் முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இனி ஆர் போற?" என்று கேட்டாள். தங்கேஸ் அங்கே கிடக்கும்போது இப்படிக் கேட்கிறாளே என்று கோபம் வந்தது. ஆனால் கேட்க அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அடக்கம் முடிந்த மறுநாள் பூரணத்தோடு நானே போனேன். முகாம் வாசலில் நின்ற சிப்பாய்க்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. "ஆச்சி எங்க?" என்றான். செத்துப்போனாள் என்றேன். "வயசுபோன ஆள்தானே," என்றான், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து.

"என்ட வயசுதான் தம்பி."

என் முகத்தைப் பார்த்தான், கறுத்த தலையைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான். எங்களுக்குக் கதிரை வரவில்லை. பொழுதுபடும் வரை வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

தங்கேஸ் எனக்கென்று விட்டுப்போனது இந்த வாசலைத்தான். திங்கட்கிழமை திரும்பவும் போகிறோம். பூரணத்தின் மகன் வீடு வரும்போது என் தலை என்ன நிறத்தில் இருக்குமோ, தெரியாது.