அக்தர் பேகம் கழுவிய சீசா

பழவேற்காட்டுப் பழைய வியாபாரக் குடும்பங்களில் கப்பல் போய்விடும், கடை போய்விடும், வீட்டில் பாதி இடிந்தும் விடும். என்றோ வெளிதேசத்திலிருந்து வந்த பீங்கான் தட்டுகள் மட்டும் போகாது. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அவற்றை இறக்கிக் கழுவித் துடைத்து மறுபடி ஏற்றிவைப்பார்கள். அக்தர் பேகத்தின் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அது அவள் வேலை. ஒரு தட்டைக்கூட அவள் உடைத்ததில்லை. வேறு எதையும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

கணவர் மீரான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் அப்துல் ரவூப் வீட்டில் ஒதுங்கினாள். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அண்ணி சோற்றுப் பானையைத் திறக்கும் சத்தத்திலேயே இவளுக்குப் பசி அடங்கிவிடும். எண்பத்து மூன்றில் ஊருக்குள் ஒரு வாடகைக் கட்டடத்தில் இறால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வந்தது. கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் தேவை என்றார்கள். அக்தர் பேகம் போய் நின்றாள்.

"நம்ம வூட்டுப் பொம்பள வெளிய போயி பாத்திரம் கழுவறதா? ஊரு இன்னா பேசும்?" என்றார் ரவூப்.

"ஊரு பேசட்டும்ண்ணே. பாத்திரம் பேசாதில்ல, நான் அதோட இருந்துக்கிறேன்."

ரவூப் அதற்கப்புறம் கொஞ்ச நாள் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நிலையத்துக்குத் தலைவர் தானியேல், நாகர்கோவில்காரர். ஆராய்ச்சிக்கென்று கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பெண் ருக்கு. இறாலின் உடம்பிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குப்பியில் உயிரோடு வளர்ப்பது அவள் வேலை. அது கைகூடினால் குஞ்சு இறாலை வாரிக்கொண்டு போகிற நோய்களைக் குப்பியிலேயே வைத்து ஆராயலாம், அவளுக்கும் டாக்டர் பட்டம் கிடைக்கும். சொல்வதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. செல்கள்தான் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு வாரம் இருக்கும், பிறகு சுருண்டு உதிர்ந்து செத்துப்போகும். குப்பியில் சோப்பின் வாசனை மிச்சமிருந்தால் அந்த ஒரு வாரமும் கிடையாது.

அதனால் அக்தர் பேகத்தின் கழுவலுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. ருக்கு அவளை ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தாள். அன்றிலிருந்து அந்தச் செல்கள் அக்தர் பேகத்துக்குப் 'பசங்க' ஆகிவிட்டன. காலையில் வந்ததும் முதல் கேள்வி, "பசங்க எப்டி கீறாங்க?" என்பதுதான். அவை செத்த நாளில் ருக்கு சாப்பிட மாட்டாள். இவளும் கொண்டுவந்த டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போவாள். போனால் அண்ணி, "அங்க விருந்தா?" என்று கேட்பாள்.

"ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கோம்க்கா" என்றாள் ருக்கு ஒருநாள். "காயம் பட்டா தோல் மறுபடி வளருதில்ல? செல்லைப் பார்த்துப் பெருகுன்னு சொல்ற புரோட்டீன் ஒண்ணு நம்ம உடம்புல இருக்கு. அதைச் செய்யற மனுஷ ஜீனை எடுத்து பாக்டீரியாவுக்குள்ள வெச்சுட்டா, அது நமக்குச் செஞ்சு குடுத்துடும். வெளிநாட்டுல அப்படிச் செஞ்சு விக்கறாங்க."

"மனுசன் பேச்ச எறா கேக்குமா?"

"தெரியாது. கேட்டுட்டா நம்ம பசங்க பொழைச்சுக்குவாங்க."

அந்தப் புரதம் வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. கப்பல் கட்டி அனுப்புகிறார்களோ என்று அக்தர் பேகம் கேட்டாள். நாளாக ஆக ருக்குவைவிட இவள்தான் அதற்காக அதிகம் காத்திருந்தாள்.

பழவேற்காட்டில் ஐஸ் பெட்டிக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. காலையில் இறாலோடு பட்டணம் போகும் பெட்டிகள் சாயங்கால பஸ்ஸில் காலியாகத் திரும்பும். பெட்டி யார் கைக்கு வந்தாலும் சரி, முதல் காரியம் திறந்து கவிழ்த்துக் கழுவிவிடுவதுதான். உரியவர் வரட்டும் என்று வைத்திருந்தால் நாற்றம் ஏறி மறுநாள் சரக்குக்கு ஆகாது. அடுத்தவர் பெட்டியைக் கழுவாமல் போட்டுவைத்தவர்களுக்கு நல்ல வசவு கிடைக்கும். நிலையத்திலிருந்தும் தண்ணீர், சேறு, இறால் என்று எதையாவது பட்டணத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததால், அதன் பெட்டிகளும் அதே பஸ்ஸில் போய்க் காலியாக வந்தன.

அன்று ருக்கு உயிர் இறால் வாங்கப் படகேறிப் பசியாவரம் போயிருந்தாள். கண்டக்டர் கண்ணப்பன் பஸ்ஸை நிலையத்து வாசலில் நிறுத்தி, தன் சீட்டுக்கடியிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினான். "அக்கா, உங்க பொட்டி."

அக்தர் பேகம் திறந்தாள். தண்ணீரில் ஐஸ் கட்டிகள் மிதந்தன. நனைந்த காகிதம், அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சீசா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. மோந்து பார்த்தாள், அத்தர் தீர்ந்த சீசாவில் இருக்கிற வாசனைகூட இல்லை. பட்டணத்தில் தீர்த்துவிட்டுப் போட்டுவிட்டார்கள் போலும் என்று பெட்டியையும் கழுவினாள், சீசாவையும் கழுவினாள். அதுவும் எப்படி? குழாய்த் தண்ணீர், வெந்நீர், வாலைவடி நீர் என்று வரிசையாக. குச்சியில் பஞ்சு சுற்றி உள்மூலையைத் துடைத்தாள். லேபிளை ஊறவைத்து உரித்துத் தொட்டி விளிம்பில் ஒட்டினாள். பிறகு காயக் கவிழ்த்தாள்.

மறுநாள் ருக்கு வந்தாள். தொட்டி விளிம்பிலிருந்த லேபிளைப் படித்தாள். கவிழ்த்த சீசாவைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது இதுலதான் இருந்துது."

"இல்லம்மா. வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தனே. காலியாத்தான் இருந்துச்சி."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா. ஈரமில்லாம காயவெச்சு, அடியில படிஞ்சிருக்கும். அவ்வளவுதான் அனுப்புவாங்க."

 ருக்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அக்தர் பேகம் பதிலுக்கு எதையாவது சொல்லி அழுதாவது தீர்த்திருப்பாள். அந்தப் பெண்ணோ, கழுவின தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று மட்டும் கேட்டாள். சாக்கடையில் என்றாள் இவள். அந்தச் சாக்கடை ஏரிக்குப் போகிறது. ருக்கு தலையை ஆட்டினாள். தன் கையாலேயே பசங்களைக் கொன்றுவிட்டோம் என்றுதான் அக்தர் பேகத்துக்குத் தோன்றியது.

மத்தியானம் தானியேல் அறையில் ருக்கு பேசுவது கழுவுமிடம்வரை கேட்டது. "வர்ற வழியிலயே ஐஸ் உருகி வீணாப் போயிடுச்சு சார்."

"அந்தக் கண்டக்டர் எங்க வச்சிக் கொண்டுவந்தான்? வெயில்லயா? இனி அவன் பஸ்ஸுல ஒண்ணும் அனுப்பாண்டாம்னு நான் டிப்போவுக்கு எழுதுதேன்."

அக்தர் பேகம் ஈரக் கையோடு உள்ளே போனாள். தன்னைக் காப்பாற்ற ருக்கு சொன்ன பொய் என்று அவளுக்குத் தெரியும். வேலை போனால் அண்ணன் வீட்டுச் சோற்றுப் பானைதான் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஐஸ் கட்டிகளை அவள் தன் கையால் அள்ளிக் கொட்டியிருந்தாள்.

"ஐஸு உருகல சார். கண்ணப்பன் சீட்டுக்கடியில நெழல்ல வெச்சித்தான் கொண்டாந்தான். நாந்தான் காலிப் பொட்டினு நெனச்சிக் கழுவிட்டேன். அந்த மருந்தையும்."

தானியேல் டிப்போவுக்கு எழுத எடுத்த காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, இனிமேல் எந்தப் பெட்டியையும் அவள் தொடக்கூடாது, கழுவுகிற வேலை மட்டும் பார்த்தால் போதும் என்றார். ருக்குவிடம் இன்னொரு சீசாவுக்கு எழுதச் சொன்னார்.

கதை ஊருக்குள் பரவாமல் இருக்குமா? கண்ணப்பன் பார்க்கிறபோதெல்லாம், "இன்னாக்கா, ஏரியில மீனுங்கல்லாம் மனுசன் சைசுக்கு வந்துடுச்சாமே" என்பான். அக்தர் பேகம் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. ருக்குவின் ஒரு வருஷத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டோமே என்று தொழுகைப் பாயில் உட்காரும்போதுகூட மனசு அரிக்கும்.

இரண்டாவது சீசா எண்பத்தேழில் வந்தது. ருக்குவே பஸ்ஸில் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதற்கான குப்பிகளை அக்தர் பேகம் பிஸ்மி சொல்லிக் கழுவினாள். பாதிக் குப்பிகளில் புரதம் விட்டார்கள், பாதியில் விடவில்லை. அக்தர் பேகம் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் துஆ கேட்டாள். இறால் செல்லுக்காகப் படைத்தவனிடம் கையேந்தியவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முதலில் எல்லாம் நன்றாகப் படர்ந்தன. ருக்கு பாட்டு முணுமுணுத்தாள். ஒரு வாரம் ஆனது. புரதம் விட்ட குப்பியிலும் விடாத குப்பியிலும் ஒரே மாதிரி சுருண்டு உதிர்ந்தன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். சீசா தீரும்வரை அதே முடிவுதான் வந்தது.

கடைசிக் குப்பியும் போன அன்று ருக்கு கழுவுமிடத்துக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் அக்தர் பேகத்தின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"அக்கா, இனிமே நீங்க அந்த சீசாவை நெனச்சு வருத்தப்படக் கூடாது. மனுஷங்களோட புரோட்டீனை இந்த இறால் செல் கண்டுக்கவே இல்ல. அன்னிக்கு நீங்க கழுவாம இருந்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். உங்க மேல தப்பே இல்லக்கா."

அக்தர் பேகம் கையை இழுத்துக்கொண்டாள். முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதாள். சீசாவைக் கழுவிய நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. ருக்கு பதறிப்போய், "ஏங்கா, தப்பு இல்லேன்னுதானே சொல்றேன்" என்றாள்.

"அத யாரும்மா கேட்டா?" என்றாள் அக்தர் பேகம். "தப்பு எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும். பசங்க பொழைச்சிருந்தா போதுமே."