என் கணவரின் நடையைத் திருப்பித் தந்தவர்

அன்பான சகோதர சகோதரிகளே, என் கணவர் தேவராஜ் சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஆனால் போன வருடம் மழைக்காலத்தில் அவர் குடிகாரர் என்று பேர் வாங்கினார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஓர் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டினார். வயது அறுபதை நெருங்குகிறது. முதலில் நடைதான் கெட்டது. காலை அகட்டி, தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். "காலு தரையில ஒட்டிக்கினு வரமாட்டேங்குது ரூத்து" என்பார் என்னிடம். அடுத்து மறதி. பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் நின்றுவிடுவார். பிறகு தன்னை அறியாமல் லுங்கி நனைய ஆரம்பித்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவார். மாற்றுத் துணியை வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனேன். கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் அவரை நிறுத்தி, "இன்னாய்யா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்றோடு அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

சபையாராகிய நீங்கள் ஜெபித்தீர்கள். நான் உபவாசம் இருந்தேன். நோய் கூடிக்கொண்டேதான் போனது. கடைசியில் சுகம் கேட்கவே பயமாகிவிட்டது. "ஆண்டவரே, இவருக்கு இன்னான்னு யாராவது ஒருத்தர் வாயால சொல்ல வையும், அது போதும்" என்று மட்டும் கேட்டேன்.

அந்த வாரமே பஸ் ஏறும்போது கால் எழும்பாமல் குப்புற விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. "இதுவா நீர் குடுக்கிற பதில்?" என்று ரோட்டிலேயே கத்தினேன்.

தலையில் அடி என்பதால் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா அவரை நடக்கச் சொல்லிக் கவனித்தார். என் பக்கம் திரும்பி, "சிறுநீர் அடக்க முடியாம போகுதாம்மா? மறதி இருக்கா?" என்றார். நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாதது அது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மூளைக்குள்ள ஊறுற நீர் சரியா வடியாம தேங்கியிருக்கு. ஹைட்ரோசெபாலஸ்னு பேரு. வயசாயிடுச்சின்னு விட்டுடுற விஷயம் இல்லம்மா" என்றார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையிலிருந்து அங்கே இறங்கும் அந்த நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் வார்டில் காலைத் தூக்கி வைத்தார். "ரூத்து, பாத்தியா?" என்றார்.

பிறகு ஆபரேஷன் செய்து, தேங்கும் நீர் வடிய, தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்தார்கள். இப்போது நடக்கிறார். துணி நனைவதில்லை. மறதி முழுதாகப் போகவில்லை. கிரேன் வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. குழாய் அடைத்துக்கொள்ளலாம், சீழ் பிடிக்கலாம்; தலைவலி, வாந்தி, காய்ச்சல், அளவு மீறிய தூக்கம் எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையைப் பிடித்தாலே இன்றும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தப் பயத்தோடுதான் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நடை தடுமாறினால் குடி என்றோ வயது என்றோ மூடிவைக்காதீர்கள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கர்த்தரிடமும் சொல்லுங்கள், கோபமாக இருந்தாலும் சொல்லுங்கள். இன்று ஆராதனைக்கு நாங்கள் இருவரும் நடந்தே வந்தோம். மெதுவாகத்தான் வந்தோம். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.