அட்டைத் தறி

நெசவாளர் பிள்ளைகளுக்குத் தறி செய்யக் கற்றுக்கொடுக்கக் கிளம்பிய முட்டாள் நான். ஆரணிப் பள்ளியில், கையால் செய்து பழகும் தொழில்நுட்ப வகுப்பு என்னுடையது. மதியம் பெற்றோர் பார்க்க வரும் கண்காட்சிக்காக அட்டையில் தறி கட்டி, பெருமையோடு மிதியை அழுத்தினேன். நீளவாக்கில் கட்டிய பாவு நூல் மொத்தமும் ஒன்றாக எழுந்து நின்றது.

முள்ளிப்பட்டிலிருந்து வரும் மாணவி சிரித்துவிட்டாள். "பாதி இழை மேல, பாதி கீழ இருந்தாதான சார் நடுவுல குறுக்கு நூலோட நாடா போவும்? எல்லாத்தையும் ஒரே குச்சியில கட்டி வச்சிருக்கீங்களே! எங்கப்பா வேற வந்துகினு இருக்காரு."

அவளே அவிழ்த்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு குச்சிகளில் கட்டினாள். வாசலில் முதல் வண்டி வந்து நின்றபோது தறி ஓர் அங்குலம் நெய்திருந்தது.

"உங்கப்பாகிட்ட, சார்தான் கட்டினார்னு சொல்லும்மா" என்று கெஞ்சினேன்.

"அப்ப அவரு எதிர்ல ஒருவாட்டி அவுத்துக் கட்டுங்க சார்."