வலப்பக்கம் இழுத்த வண்டி

எங்கள் பெரியப்பாவின் வண்டி வலப்பக்கம் இழுத்தது. முன்சக்கரங்கள் கோணிப்போயிருந்ததால் இழுத்தது. அதற்கு மேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை ஒரு வீட்டுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. சிம்மக்கல்லில் எங்களுக்கு நூல் கடை. பெரியப்பாதான் கடைக்கும் வீட்டுக்கும் தலைவர். என் அப்பா அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் காரை விற்றுவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரும் வண்டி, மேல்கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும், பாதி நீளம் எஞ்சின்தான். பந்தயத்துக்கென்றே செய்தது. ஜட்காவுக்கும் மாட்டுக்கும் வழிவிட்டு ஊர்ந்து போகிற நம்மூர்த் தெருக்களில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யாருக்குத் தைரியம் இருந்தது?

கடை லாரியை ஓட்டிப் பழகியவன் என்பதால் அதை மலையிலிருந்து இறக்கி வந்தவன் நான்தான். வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கை இடப்பக்கமே திருப்பிப் பிடித்து, வீடு வந்து சேர்ந்தபோது தோள் கழன்றுவிட்டது போல இருந்தது. "பெரியப்பா, இது ஒரு பக்கமா இழுக்குது. பட்டறைக்குக் கொண்டு போகணும்" என்றேன். முதலில் பூஜை போடட்டும் என்றார். எலுமிச்சம்பழம் நசுக்கியானது. அடுத்த வெள்ளிக்கிழமை அவரே ஓட்டினார், பக்கத்தில் நான்.

எங்கள் வீட்டில் வண்டி எங்கே போனாலும் மாசி வீதிகளில் அம்மன் கோயிலை வலமாகச் சுற்றித்தான் போகும். ஜட்கா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கீழமாசி வீதியில் தெற்கே வந்து, விளக்குத்தூண் முனையில் கோபுரத்தைப் பார்த்ததும் பெரியப்பா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கும்பிடும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டார் என்பது அவருக்கே நினைவில்லை. நான் பதறிக் கையை நீட்டுவதற்குள், வண்டி தானாக வலப்பக்கம் திரும்பித் தெற்கு மாசி வீதிக்குள் நுழைந்துவிட்டது.

தெருவே நின்று பார்த்தது. ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாடா? ஆத்தா கூப்பிடுறா, வண்டி போகுது" என்றார் பெரியப்பா. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணீர் நிஜமா இல்லையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே முனையில் அதே கும்பிடு. பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. வலமாகச் சுற்றுகிறவனுக்குத் திருப்பமெல்லாம் வலப்பக்கம்தானே வரும்! வண்டியின் ஊனம் அவனுக்குப் பக்தியாகத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை இடமாகச் சுற்றியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஆனால் கோயிலை இடமாகச் சுற்ற எங்கள் தெருவில் எவனுக்கு மனசு வரும்? எனக்கே வரவில்லை. நானும் அம்மனைக் கும்பிடுகிறவன்தான். கோணிய அச்சுக்கு அவளை ஏன் பொறுப்பாளி ஆக்க வேண்டும் என்பதுதான் என் கோபம்.

ஊருக்கு வெளியே போனால் இந்தப் பக்தி எப்படிப்பட்டது என்று தெரியும். சாலையில் நாம் போவது இடப்பக்கம், எதிரே வருகிறவன் வருவது வலப்பக்கம். பெரியப்பாவின் மகளை, என் தங்கச்சியை, எழுமலை ஊர் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்திருந்தார்கள். அங்கே தாம்பூலத் தட்டு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வண்டியை ஓட்டியவன் நான். தும்மல் வந்து ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தேன். அவ்வளவுதான். எதிரே பருத்தி ஏற்றி வந்த வண்டியின் மாட்டுக் கொம்பு என் தோள்பட்டையை உரசிக்கொண்டு போனது. வண்டிக்காரன் என் பரம்பரையையே திட்டினான். அவன் திட்டியதில் தப்பே இல்லை.

மறுநாள் கடையிலிருந்து முறுக்கு நூல் ஒரு கண்டு எடுத்து வந்தேன். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்சக்கரத்தின் நடுவரை நூலைப் பிடித்து, இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு வெட்டினேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வலப்பக்க நூல் ஒரு விரற்கடை குட்டை. கீழே படுத்துப் பார்த்தேன். வலப்பக்க ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு கோக்கும் நடு போல்ட் முறிந்து, அச்சு அந்தப் பக்கம் பின்னால் நழுவியிருந்தது. துரை மலையில் எதிலோ மோதியிருக்கிறார். மோதியதைச் சொல்லாமல் நம் தலையில் கட்டியிருக்கிறார்.

இரண்டு நூலையும் பெரியப்பாவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தேன். அவர் பார்த்தார். பிறகு இரண்டையும் சேர்த்து உருட்டி என் கையில் கொடுத்தார். "கடைச் சரக்கை வெட்டி வீணாக்காதே" என்றார்.

"அது ஒருநாள் ஆளைக் கொல்லும் பெரியப்பா."

"ஆத்தா ஏறின வண்டிடா அது. வாயைக் கழுவு."

அதோடு விட்டாரா? கல்யாணச் சீரோடு அந்த வண்டியையும் மாப்பிள்ளைக்கே கொடுப்பதாகச் சபையில் அறிவித்துவிட்டார். மாப்பிள்ளை நல்ல பையன், ஆனால் அந்த மாதம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் ஓட்டி, தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, மாட்டு வண்டிகளுக்கு நடுவே எழுமலை வரை போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, வண்டியைத் துடைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவனியாபுரத்துப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பட்டறைக்காரருக்கு அந்த வண்டியின் புகழ் முன்பே எட்டியிருந்தது. "சாமி வண்டியில நான் கை வைக்க மாட்டேன் தம்பி. வேணும்னா நீங்க படுங்க, ஸ்பேனரை எடுத்துத் தாரேன்" என்றார். சொன்னபடியே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்பேனரை நீட்டினார்! நானே படுத்தேன். புது போல்ட் போட்டு, அச்சை முன்னால் தள்ளி, நூல் பிடித்து இரு பக்கமும் சரியாக்கினேன். இரண்டு முன்சக்கரமும் முன்பக்கம் ஒரு மயிரிழை நெருங்கி இருக்கும்படி குறுக்குக் கம்பியைத் திருகி வைத்தேன். திரும்பி வரும்போது கையை விட்டுப் பார்த்தேன். வண்டி கோடு போட்டதுபோல நேராகப் போனது. சந்தோஷத்தில் கத்தினேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. அன்று மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி புறப்படும்போது, மேளக்காரர்கள், சம்பந்திகள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "பெரியப்பா, வண்டியைச் சரி பண்ணிட்டேன். இனிமே அது தானா திரும்பாது. முனையில கையை விட்றாதீக."

அவர் சிரித்தார். "இவரு ஸ்பேனர் எடுத்தா ஆத்தா எந்திரிச்சுப் போயிருவாளாம்!" என்றார் சம்பந்தியிடம். கூட்டமே சிரித்தது.

விளக்குத்தூண் முனை வந்தது. பக்கத்தில் பட்டுத் தலைப்பாகையோடு மாப்பிள்ளை. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கினார். வண்டி நேராகப் போனது. நேராகப் போய் எதிரே இருந்த பாத்திரக் கடையில், அடுக்கி வைத்திருந்த அண்டாக்களுக்குள் புகுந்தது. அந்தச் சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் நெற்றி கண்ணாடியில் இடித்துப் புடைத்தது. தலைப்பாகையை ஒரு அண்டாவுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

இப்போதாவது புத்தி வரும் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன்.

"கண்ட கை பட்டுச்சு, ஆத்தா போயிட்டா" என்றார் பெரியப்பா. சம்பந்தியும் தலையாட்டினார். "பழையபடி ஆக்கிருங்க சம்மந்தி. அப்பத்தான் பிள்ளைக அதுல வரலாம்" என்றார். மறுநாள் தாலி கட்டும் நேரத்தில்கூட என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். சாமி வண்டியில் கை வைக்க மாட்டேன் என்ற அதே பட்டறைக்காரர், சூடம் ஏற்றிவிட்டு, போல்ட்டைக் கழற்றி அச்சைப் பின்னுக்குத் தள்ளி, ஒழுங்காக இருந்த வண்டியை ஒழுங்காகக் கோணலாக்கிக் கொடுத்தார். என்ன பக்தி! என்ன கைவேலை!

பெண்ணை அனுப்பும் நாள். வாசலில் வண்டி நின்றது. மாப்பிள்ளை ஏறப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன். எனக்கு வார்த்தை தடித்துவிட்டது. "எதிர வர்ற மாட்டு வண்டிக்குள்ள இவங்களைக் கொண்டுபோய்ச் சொருகப் போறீக. உங்க வேசத்துக்கு உங்க மகதான் கெடைச்சாளா?" என்றேன். என் அப்பா என்னை அறைந்தார். வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பெரியப்பா அமைதியாக, "ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

அப்போது தங்கச்சி மாலையும் கழுத்துமாக வெளியே வந்தாள். அவள் அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அப்பா, அப்ப நீங்களே ஓட்டுங்க. அவுக பின்னாடி ஜட்காவுல வரட்டும். விளக்குத்தூண்ல என்னைக்கும் போல கையை விடுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

பெரியப்பா மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், ஏறினார். நானும் மாப்பிள்ளையும் ஜட்காவில் பின்னாலேயே போனோம்.

வெள்ளிக்கிழமை போலவே முனையில் கூட்டம் நின்றது. கோபுரம் தெரிந்தது. மேல்கூரை இல்லாத வண்டி, ஜட்காவிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. பெரியப்பா கையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, முழங்கை இரண்டும் விறைக்க, மெல்லத் திருப்பித் தெற்கு மாசி வீதிக்குள் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஆக, வண்டியைத் திருப்புவது ஆத்தா இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் நூலை நீட்டிய அன்றிலிருந்தே தெரிந்திருக்கும். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையை விட்டார். மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு விட்டார். தெருவில் நின்ற கைக்குழந்தைக்காரிகளுக்கு எதிரே விட்டார். பெற்ற மகள் பக்கத்தில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டார்.

தங்கச்சி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப் போய் ஏறியதும், முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "அவனியாபுரத்துக்கு விடுங்க அண்ணே. சரி பண்ணிட்டுப் போவோம்" என்றாள்.

கூட்டம் என்றைக்கும் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நின்றது. வண்டி வலப்பக்கம் திரும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். அவர் கையை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம்.