மழை ஊரில் ஓர் அறை, பாளையங்கோட்டையில் ஒரு வீடு

பக்கத்து வீட்டு வசந்தாவின் மகளுக்கு மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வசந்தா அதைச் சொல்லத்தான் வந்தாள். முகத்தைப் பார்த்தால் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. "அக்கா, நீங்க அங்கன இருந்தவுகதான. நாலு மாசம் விடாம ஊத்துமாமே. சம்பளத்துல பாதி வாடகைக்கே போயிருமாமே. பிள்ளைய அனுப்பவா, வேண்டாமா?"

நான், "எதுக்கும் நல்லா யோசிச்சுக்கோ" என்று இழுத்தேன். அதே நேரத்தில், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைக்கூடத் திருப்பாமல், "தாராளமா அனுப்பும்மா" என்றார். வசந்தா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வந்தபோது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பி வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையே இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அனுப்பு என்று நானும், வேண்டவே வேண்டாம் என்று அவரும் சொல்லியிருப்போம். நாங்கள் எப்படிக் கட்சி மாறினோம் என்பதை உங்களிடமாவது சொல்லிவிட்டால்தான் எனக்கு இன்று வேலை ஓடும்.

கல்யாணமாகி நான் மும்பையில் போய் இறங்கியது வைகாசிக் கடைசியில். இரண்டாவது மாடியில் ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. வெளியே எல்லா வீடுகளுக்கும் பொதுவாக நீளமாக ஒரு நடை, அதற்கு மரக் கிராதி. நல்ல வெயில் அடித்தது. வெயிலைக் கண்டால் பாளையங்கோட்டைக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? மோர்மிளகாய் போட்டுவிடலாம் என்று மிளகாய் வாங்கி, கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டேன். மறுநாள் முறத்தில் பரத்தி நடையில் வைக்கும்போது மேற்கே கருகருவென்று மேகம் திரண்டு வந்தது.

பக்கத்து அறை சுமன் தாயி ஓடிவந்து வானத்தைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னாள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. எனக்கு அப்போது அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். எங்கள் ஊர் ஆனி மேகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பொதிகை மலைப் பக்கமிருந்து படை திரட்டிக்கொண்டு வரும், ஊரையே இருட்டாக்கும், வாசலில் கிடக்கும் முறத்தைத் தூக்கி எறிகிற மாதிரி காற்றடிக்கும். அப்புறம் ஒரு சொட்டுப் போடாமல் கிழக்கே போய்விடும். மழையெல்லாம் மலையோடு சரி, எங்களுக்கு வெறும் காற்றுதான். அப்படிப்பட்ட மேகங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். போதாக்குறைக்கு இன்னும் ஒரு முறத்தையும் கொண்டுவந்து வைத்தேன்.

அந்த மேகம் அப்புறம் விட்டது புரட்டாசியில்.

முதல் அரை மணி நேரத்திலேயே என் மிளகாய் நடையில் நீந்தத் தொடங்கியது. அள்ளி உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் வைத்தேன், அடுப்புப் பக்கத்தில் வைத்தேன், இஸ்திரிப் பெட்டியைக்கூட மேலே காட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் அறைக்குள் நுழைந்த என் வீட்டுக்காரர் அந்தப் புளித்த வாடையில் வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்றாம் நாள் சுமன் தாயி முறங்களைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். அவள் வீட்டுக்காரர்தான் கட்டடத்தின் மூலையில் பேக்கரி வைத்திருந்தார்.

அந்தப் பேக்கரி அடுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு. அதற்கு மேலே பரண் மாதிரி ஓர் இடம், எந்நேரமும் கதகதவென்று இருக்கும். மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்துத் துணிமணி அத்தனையும் அங்கேதான் காயும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை, கைக்குழந்தைகளின் துணி, ஆபீஸ் போகிறவர்களின் சட்டை என்று வீட்டுக்கு ஒரு கொடி. இன்னார் துணி இன்ன கொடி என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் மாறாது. எல்லாத் துணியிலும் சூடான பாவ் ரொட்டி வாசம் அடிக்கும். காலை ரயிலில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் பசித்ததாம்.

அங்கே என் மிளகாய் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அந்தத் தெருவே மோர்மிளகாய் வாசத்தோடு பாவ் தின்றது. சிலர் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். டாக்சி ஓட்டுகிற ஒருவர் மட்டும், இந்தப் பாவ் இனிமேல் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாராம். மிளகாய் அருமையாகக் காய்ந்திருந்தது. பொரித்து வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டடம் முழுக்கக் கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

அவருக்குத்தான் பிடிக்கவே இல்லை. அவர் சீவலப்பேரிக்காரர். ஆறுகள் வந்து சேருகிற ஊரில் பிறந்து, விடிந்ததும் ஆற்றில் விழுந்து, கண் சிவக்கக் குளித்து வளர்ந்த மனிதர். அவருக்கு அங்கே குளிக்கக் கிடைத்தது இரண்டு வாளி. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், குழாயில் மட்டும் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு வரிசையில் நிற்போம். "ஏட்டி, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு தண்ணி பிடிக்கோம். இது ஒரு ஊரா?" என்பார். செருப்பில் பூஞ்சை பிடித்தால் ஒரு புலம்பல், தீப்பெட்டி நமுத்துப்போனால் ஒரு புலம்பல். காய்கறி வண்டிக்காரன் வாழை இலையை நறுக்குக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் அன்றைக்குச் சோறே இறங்காது. ஊர் வீட்டுப் புறவாசலில் ஆடு தின்கிற இலை என்பார்.

எனக்கோ அந்த ஊரில் வேறு ஒரு சுகம் இருந்தது. அங்கே ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழையில் தனியாக நடந்து வருவேன். ஒருவர் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள், "எங்கன போறிய?" என்று எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்! சொன்ன பதில் சரியில்லை என்றால் அது நமக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்படி ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு காலம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு ஆடி மாதம் அறையின் சொந்தக்காரப் பெரியவர் வந்தார். மகனோடு போய் இருக்கப்போகிறாராம், அறையை விற்கப்போகிறாராம். எங்களிடம்தான் முதலில் கேட்கிறார், பிள்ளையார் சதுர்த்திக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்ன விலையில் பாளையங்கோட்டையில் கிணறும் தென்னையும் மாடியுமாக ஒரு வீடே கட்டிவிடலாம். எங்களிடம் இருந்ததையும் நகையையும் சேர்த்தால் இரண்டில் ஒன்றுதான் முடியும். ஆயுசு முழுக்க எங்கே இருக்கப்போகிறோம் என்பதை அந்த மழைக்காலத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அவ்வளவுதான், வீட்டில் தினமும் பட்டிமன்றம். அவர் ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிறவர். ஆகவே அவர் வாயால் பேசவில்லை, வரைந்தே பேசினார். பாளையங்கோட்டை வீட்டைத் தினமும் வரைவார். நான் அடுக்களைக்கு வெளிச்சம் இல்லை என்றால் மறுநாள் ஜன்னல் முளைக்கும். கிணறு தினம் ஓர் இடத்துக்குப் போகும். ஒருநாள் கிணற்றைப் படுக்கையறை வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்திரிச்சதும் குளிச்சிரலாம்லா?" என்றார். நான் அசையவில்லை. இங்கே ஓர் அறைக்குள் இருந்தாலும் வெளியே ஊர் முழுக்க என்னுடையது, அங்கே பெரிய வீடு கட்டி உள்ளேயே உட்காரச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். எப்படியும் நான்தான் ஜெயிப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெருமழை பெய்தது. மத்தியானம் தொடங்கியது, நிற்கவே இல்லை. ரயில் நின்றுவிட்டது, போன் வேலை செய்யவில்லை. அதற்கு முன்னால் பேசியதில் அவர் ஆபீஸிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்பது மட்டும் தெரியும். கீழே பேக்கரிக்குள் தண்ணீர் ஏறி, மாவு மூட்டைகளை எல்லாரும் சேர்ந்து மாடி நடைக்குத் தூக்கி வந்தோம். எனக்குத் தெரிந்து அந்த அடுப்பு அணைந்தது அன்றைக்குத்தான். சுமன் தாயி தன் வீட்டை விட்டுவிட்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். இந்த மனிதர் மட்டும் வந்து சேரட்டும், இந்த ஊரே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வந்தார். இடுப்பில் யாருடையதோ கைலி, மேலே அவர் உடம்புக்குப் பத்தாத பூப்போட்ட சட்டை. கையில் செருப்பு இல்லை, காலிலும் இல்லை. மார்பளவு தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தபோது, மாடியிலிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள். தையல்காரர் ஒருவர் குடும்பம், எங்களுடையதைவிடச் சின்ன அறை. அதில் ஏற்கெனவே தெருவில் போனவர்கள் பலரை இழுத்துப் போட்டிருந்தார்களாம். டீ கொடுத்து, கஞ்சி கொடுத்து, நனையாமல் இருந்த ஒரே மெத்தையில் இவரைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குப் போயிருவோங்க" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "கடைசி வரைக்கும் எம் பேர்கூட கேக்கல, ஏட்டி. நம்ம ஊர்ல இன்னாரு, இன்ன தெருன்னு கேக்காம எவன் கதவத் தொறப்பான்? நாம இங்கனயே இருந்துருவோம்" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கட்சி மாறிவிட்டோம் என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

மறுபடியும் பட்டிமன்றம், இந்தத் தடவை அவரவர் வசனத்தை மற்றவர் பேசினோம். செருப்புப் பூஞ்சையைப் பற்றி நான் பேசினேன், இருட்டிய பிறகு நீ தனியாக நடக்கலாமே என்று அவர் பேசினார். ஆனால் பயம் பெரிய வக்கீல். மேகம் கறுக்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவர் வந்து சேரும் வரை கிராதியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அதைப் பார்த்துவிட்டு அவர் வாதாடுவதை நிறுத்தினார். சதுர்த்திக்கு முந்தின நாள் தனியாகப் போய்ப் பெரியவரிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி பற்றவைத்திருந்த அடுப்பிலிருந்து சூடாகப் பாவ் வாங்கிக்கொண்டு வந்தார். "சொல்லிட்டேன்" என்றார்.

வீடு கட்டினோம். கிணறு இருக்கிறது, அவர் ஆசை தீர அதில் இறைத்துக் குளிக்கிறார். எங்கள் ஊர் வெயிலில் துணி போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. எதைப் பற்றியும் அவர் புலம்புவதில்லை. எனக்கு அந்தப் புலம்பலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். ஆனி மாதம் மேற்கே மேகம் திரண்டால் மட்டும் மாடிக்குப் போய் நின்றுகொள்வார். "பெய்யாதுங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவேன். "தெரியும், பைய வாரேன்" என்பார், வரமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக மும்பைக்குப் போயிருந்தோம். நல்ல மழைக்காலம். அவர் கேட்கவில்லை, நான்தான் ஆட்டோக்காரரிடம் அந்தத் தெருவைச் சொன்னேன். எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்று நின்றது. பேக்கரி இருந்த மூலையில் கார்கள் இறங்கிப் போகிற வழி. கட்டடத்தை இடித்தபோது சுமன் தாயி கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு எங்கோ தள்ளிப் போய்விட்டாள் என்பது முன்பே தெரியும். சில வருடம் தீபாவளிக்குப் பேசினாள், பிறகு அந்த நம்பர் இல்லை என்றே வந்தது. அந்தச் சுற்றுவட்டத்தில் அவளை விசாரிக்கக்கூட ஒரு முகம் தென்படவில்லை.

"பார்த்தியா, மழைக்காலத்துல ஒரு பால்கனியிலயும் ஒரு துணி தொங்கல" என்றார் அவர். கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன், இப்போது மெஷினுக்குள்ளேயே காய்ந்து வந்துவிடுகிறது என்றேன். ஓ என்றார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடையை ஆட்டோவில் விட்டிருந்தோம். வாசல் கேட்டில் கூண்டுக்குள் நின்ற காவலாளி யார் நீங்கள், எந்த வீடு, என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார். எந்த வீடு என்று சொல்வது? தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றோம். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியாக மேலே பார்த்தார். எத்தனையோ ஜன்னல்கள், எல்லாம் சாத்தியிருந்தன. நாங்கள் நனைந்துகொண்டு நின்றோம், உள்ளே வாங்க என்று கூப்பிட அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.