தெர்மாகோல் வீட்டுக்குக் கறுப்புத் தோல்

பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை எங்கே அடித்தாலும் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றின் இருட்டு எனக்குள் திறந்துகொள்கிறது. 2003, ஐப்பசி மாதம்.

காலை ஏழு மணிக்கு மாதவரத்திலிருந்து கிளம்பினோம். பத்து கிலோமீட்டர்தான். ஜீப்பின் பின்னால் நான் செய்த வண்டி தொற்றிக்கொண்டு வந்தது: இரண்டு சக்கரம், மரச்சட்டம், தெர்மாகோல் பலகைச் சுவர்கள், உள்ளே துணி, இருவர் படுக்க இடம். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. கடலோரமாகத் தெற்கே போகவிருந்த எனக்கும் என் மனைவி கல்யாணிக்கும் இனி அதுதான் வீடு. மழைக்குமுன் அதற்கு ஒரு தோல் வேண்டும்.

அந்தக் கொட்டகையில் லாரித் தொட்டிகளுக்குத் துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சு அடிக்கும் செல்வம், வண்டியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், ஐஸ் பொட்டிக்கு சக்கரம் வெச்சி இஸ்துகினு வந்துகீறே?"

"மீன் நாங்கதான்" என்றாள் கல்யாணி.

பூச்சு தெளிக்கும் துப்பாக்கி சீறியது. வெள்ளைச் சுவர்களைக் கறுப்பு விழுங்கியது. பதினொரு மணிக்கு, கரையேறிய ஏதோ கடல் மிருகம்போல் வண்டி ஈரமாக மினுங்கிக்கொண்டு நின்றது.

அடுத்தது ஓட்டை பார்க்கும் வேலை. ஒருவர் உள்ளே கதவடைத்து உட்கார, மற்றவர் வெளியே விளக்கைச் சுவரோரம் நகர்த்த வேண்டும். ஊசித்துளை இருந்தாலும் உள்ளே நட்சத்திரமாகத் தெரியும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு கல்யாணி உள்ளே போனாள்.

"ஒண்ணும் தெரியலை." குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது. பிறகு, "ஏங்க, சுவத்துக்குள்ள யாரோ சர்க்கரை மெல்லுறாங்க."

கதவைத் திறந்து காது வைத்தேன். மெல்லிய கரகரப்பு, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. வெளித்தோலை விரலால் அமுக்கினேன். தூங்குகிறவன் வயிறுபோல் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

செல்வமும் காது வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "லாரிக்கி ஊத்தற மாறியே தின்னர ஊத்திட்டேன் சார். இரும்பு தாங்கும். இது தெர்மாகோல துன்னுகினு கீது."

"நிறுத்த முடியாதா?"

"உள்ள பூந்துட்ச்சே சார். அதுவா துன்னு முடிக்கணும்."

காத்திருந்தோம். கும்மிடிப்பூண்டி ரயில் போகும்போதெல்லாம் கறுப்புச் சுவர் சிலிர்த்து அடங்கியது. நான்கு மணிக்குச் சத்தம் நின்றது. வெளியே ஒரு சுருக்கமில்லை. கடற்காற்று பட்டபோது சுவர் மூச்சு விட்டது.

கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. திரும்பிப் போக வீடில்லை. வண்டியை ஜீப்பில் மாட்டினேன். கல்யாணி ஜீப்பில் ஏறி, தலையை வெளியே நீட்டினாள்.

"மழை தாங்குமா தம்பி?"

"மழைக்கி ஒண்ணியும் ஆவாதுக்கா. நீங்க ரெண்டு பேரும் செவுத்துல சாஞ்சிடாம படுங்க, அவ்ளோதான்."