கீழே போடாத தடி

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் என் கை படித்த ஒரு பழக்கத்தை ஸ்டுட்கார்ட்டில் மறக்கடிக்க எனக்கு ஆறு வாரம் எடுத்தது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சிரிக்க வேண்டியவர்கள் அன்றே சிரித்து முடித்துவிட்டார்கள்.

யூரோ வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்குச் சமையல் வேலை. அங்கே சாப்பாட்டு வான் ஓட்டியவர் ஓர் அயர்லாந்துக்காரர். என் வயதுதான், முப்பத்தெட்டு. மதிய இடைவேளையில் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்று, நுனி அகன்ற ஒரு மரத்தடியால் சின்னப் பந்தொன்றைச் சுவரில் அடித்துக்கொண்டே இருப்பார். இதுதான் எங்கள் நாட்டு ஹர்லிங் என்றார். அந்தத் தடியோடு தன் மாவட்ட அணிக்கு எட்டு வருஷம் ஆடியவராம். ஒரு நாள் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு "ஆள் கட்டை" என்றார்களாம். எட்டு வருஷமும் அவர் அதே உயரம்தானே. பிறகு கட்டிட வேலைக்கு ஜெர்மனி வந்து, சேர்ந்து ஆட ஆளில்லாமல் சில காலம் சுவரோடு ஆடியிருக்கிறார். மெல்ல மெல்ல இங்கிருந்த ஐரிஷ்காரரையும் சில ஜெர்மன்காரரையும் பிடித்து ஓர் அணி சேர்த்து, அதற்குப் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டார். ஆணும் பெண்ணும் கலந்த அணி. ஆட்களுக்கு அவ்வளவு பஞ்சம்.

"தாங்கோ, ஒருக்கா அடிச்சுப் பாக்கிறன்" என்றேன். எங்கள் இருவருடைய ஓட்டை ஜெர்மனையும் இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன். பந்து தொட்டிகளையும் வேலியையும் தாண்டி டிராம் பாதைப் பக்கம் போய் விழுந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை.

"புதன்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி. வாரும்" என்றார்.

வீட்டில் சொன்னபோது என் மனுசன் டிவியை நிறுத்தினார். "உமக்கென்ன விசரே? இந்த வயசிலை தடியோடை ஓடப் போறீரோ?"

"ஓம், விசர்தான். புதன்கிழமை போறன். சோறு குக்கரிலை இருக்கும், போட்டுச் சாப்பிடுங்கோ."

அந்த அடி எனக்குச் சும்மா வந்ததல்ல. பள்ளியில் நான் எல்லே விளையாடியவள். மூங்கில் தடியால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, தடியை அங்கேயே போட்டுவிட்டு ஓட வேண்டும். அதுதான் எல்லே. ஹர்லிங்கிலோ தடியை வேண்டுமென்று கையிலிருந்து விடக்கூடாது. இதை எனக்கு முதல் நாளே சொன்னார்கள். எனக்கு விளங்கியது, என் கைக்கு விளங்கவில்லை.

முதல் நட்புப் போட்டியில் கடைசி நிமிடம்வரை சமநிலை. பந்து என்னிடம் வந்தது. நன்றாகத்தான் அடித்தேன். அடித்த வேகத்தில் தடியைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடினேன். எங்கே ஓடினேன் என்று கேட்காதீர்கள். நடுவர் விசிலை ஊதி, நான் தடியை எறிந்ததற்காக எதிரணிக்குத் தடையில்லாமல் அடிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அவர்கள் அதில் ஒரு புள்ளி எடுத்தார்கள். தோற்றோம்.

எங்கள் அணியில் ஒரு ஜெர்மன் இன்ஜினியர் இருந்தான். நான் கொண்டுபோகும் மட்டன் ரோல்ஸில் நாலு தின்னாமல் நகரமாட்டான். அன்றும் வாய் நிறைய ரோல்ஸோடு சொன்னான்: "இனிமேல் நீர் ரோல்ஸை மட்டும் கொண்டு வாரும். அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இன்ஜினியர் சொன்னதைவிட அதுதான் எனக்குச் சுட்டது. அடுத்த நாள் குசினி வாசலில் அவரை மறித்தேன்.

"கொலோனிலை நடக்கப்போற அடுத்த போட்டிக்கு என்ரை பேர் இருக்கோ?"

"பாப்பம்" என்றார்.

"ஊரிலை உங்கடை பேரை வெட்டினவையும் முதலிலை பாப்பம் எண்டுதான் சொல்லியிருப்பினம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வானில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அளவுக்கு மிஞ்சிச் சொல்லிவிட்டேனோ என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

அன்று மாலையே ஏப்ரன் நாடாவால் தடியை என் மணிக்கட்டோடு இறுக்கிக் கட்டினேன். ஆற்றங்கரைப் புல்வெளியில் அடித்தேன், ஓடினேன், திரும்ப அடித்தேன். நாயோடு நடக்க வந்தவர்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்தது. ஆறு வாரம் கழித்து நாடாவை அவிழ்த்தேன். அடித்துவிட்டு ஓடி, நின்று, கையைப் பார்த்தேன். தடி கையில் இருந்தது.

கொலோனுக்கு நான் ரோல்ஸ் பொரிக்கவில்லை. பஸ்ஸில் இன்ஜினியர் என் பையை எட்டிப் பார்த்தான். "இண்டைக்குக் குசினி லீவு" என்றேன்.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவருக்கும் ஜெர்சியைத் தன் கையாலேயே கொடுப்பது பயிற்சியாளரின் வழக்கம். அவர் ஊரில் அப்படித்தானாம். ஆட இறங்குகிறவர்களுக்கு முதலில், மாற்றாட்களுக்குப் பிறகு. எனக்குக் கிடைத்தது கடைசி ஜெர்சி. தரும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்றேன். வாங்குப் பலகையில் குந்தி இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

இரண்டாம் பாதியில், ஒரு புள்ளி பின்னால் நிற்கும்போது, இன்ஜினியருக்குக் கணுக்கால் சுளுக்கியது. இரண்டு பேர் தாங்கி வெளியே கொண்டு வந்தார்கள். அந்த வலியிலும் அவன், "அவவை உள்ளை விடாதேங்கோ. தடியை எறிஞ்சுபோடுவா" என்றான்.

பயிற்சியாளர் அவனைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இறங்கும்" என்றார்.

பந்து வந்தபோது என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள் ஒருவன் எதிரணியிலிருந்து குறுக்கே வந்தான். இருவரும் ஒன்றாகப் பந்தை ஓங்கி அடித்தோம். படார் என்று என் தடியின் அகன்ற பக்கம் உடைந்து எங்கேயோ பறந்தது. பந்து கோல் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் போனது. ஒரு புள்ளி. சமநிலை. என் கையில் கைப்பிடித் துண்டு மட்டும் மிஞ்சியது.

"போடும், அதைப் போட்டிட்டு வேறை தடி எடும்" என்று பயிற்சியாளர் கோட்டோரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

நான் போடவில்லை. தோலுரியப் படித்ததை ஒரு சத்தத்துக்கு விடுகிற ஆள் நானில்லை. துண்டை இறுக்கிப் பிடித்தபடியே கோட்டுக்கு ஓடினேன். மாற்றுத் தடிகளுக்குப் பக்கத்தில் இருந்தவன் இன்ஜினியர்தான். ஒற்றைக் காலில் நொண்டி வந்து ஒரு புதுத் தடியை நீட்டினான். அதை வாங்கிக்கொண்டு, உடைந்த துண்டை அவன் கையில் வைத்தேன்.

"இதைப் பிடியும். கீழை போட்டிடாதையும்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குள் ஓடினேன்.